பாகவதர் கண்ணீரும் சிலம்பின் பரலும்

1941-ல் வந்த 'அசோக்குமார்' படத்தில், தன் ஆசைக்கு இணங்காத இளவரசன் மேல் அபாண்டமாகப் பழி போட்டார் பி. கண்ணாம்பா. அடுத்த ஆண்டே 'கண்ணகி' படத்தில், அபாண்டப் பழிக்கு உயிரைக் கொடுத்த கணவனுக்காக மதுரையை எரித்தார். இரண்டுக்கும் வசனம் இளங்கோவன். இரண்டையும் தமிழ்நாடு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. போன வருஷம் பொய் சொன்ன வாய் இந்த வருஷம் நியாயம் கேட்கிறதே என்று யாரும் குழம்பவில்லை. கொட்டகையில் உட்கார்ந்தவனுக்கு யார் யோக்கியன், யார் அயோக்கியன் என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு அவன் செய்ய வேண்டியதெல்லாம் அழுவது ஒன்றுதான்.

காவிரிக் கரைக் குத்தாலத்துக்காரர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் அக்கம்பக்கத்துச் சமாச்சாரம். கிழக்கே சற்றுத் தூரத்தில் மாயவரம். அந்த இளவரசன் குணாலனாக நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910-ல் பிறந்த ஊர். காவிரியோடு கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடல்முகத்தில் பூம்புகார், கோவலன் பிறந்த ஊர். தெற்கே, இதே தாலுகாவில் தேரழுந்தூர். கம்பர் பிறந்த ஊர் என்பார்கள். அவர் மகன் அம்பிகாபதியை, அரசகுமாரியைக் காதலித்ததற்காகச் சோழன் கொன்றதாகக் கதை. மேற்கே கும்பகோணத்துக்கு முந்தைய ரயில்வே ஸ்டேஷன் திருநாகேஸ்வரம். 'மகாநதி' படத்துக் கிருஷ்ணசாமியின் ஊர். அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்களின் ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், சொன்னவாறறிவார் கோயில் கொண்ட இந்தக் காவிரித் தென்கரை ஊர் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும்.

இந்தப் புள்ளிகளின் வழியாகவே தமிழ் சினிமா ஒரு நிரபராதியை அன்று எப்படிக் காட்டியது, இன்று எப்படிக் காட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

கொட்டகையில் நீதி

டூரிங் டாக்கீஸ் காலத்தில் டெல்டா ஊர்களுக்குப் படம் வருவது அறுவடையை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். சம்பா அறுத்து, களத்தில் நெல் அளந்து, கையில் நாலு காசு புரளும் தை மாசியில் கீற்றுக் கொட்டகை நிறையும். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். பின்னாலேயே பிள்ளைகள் ஓடுவார்கள். சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி உட்கார்வார்கள். பின்னால் இருப்பவர் 'தலையைக் கொஞ்சம் இறக்கய்யா' என்பார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஒரே ப்ரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கும் சோடாவும் வரும். குணாலன் கண்ணிழந்து நிற்கிற நேரம் பார்த்து ரீல் முடிந்தால், விளக்கு வெளிச்சத்தில் அடுத்தவர் பார்க்காதபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த அழுகைக்குப் பாகவதரைப் போல் உரிமை கொண்டாட வேறு ஆள் இல்லை. 1936-ல் 'நவீன சாரங்கதரா'. சிற்றன்னை சொல்லும் பொய்யால் சாரங்கதரன் தண்டனைக்கு உள்ளாகும் கதை. 1937-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'. 1941-ல் ராஜா சந்திரசேகர் இயக்கிய 'அசோக்குமார்', வி. நாகையா அசோகன், பாகவதர் குணாலன், எம்.ஜி.ஆர். ஒரு சிறு வேடத்தில். சிற்றன்னை திஷ்யரட்சிதை முறையற்று ஆசைப்பட, மகன் மறுக்க, அவள் பழியைத் திருப்பிப் போட, கண் பறிபோய் மனைவியோடு தெருத்தெருவாகப் பாடித் திரிகிறான் குணாலன். ஐந்தாண்டுக்குள் மூன்று முறை, அரசனின் அவசரத்துக்குப் பலியாகும் ஆளாகப் பாகவதர் திரையில் நின்றார்.

அந்தப் படங்களில் நிரபராதி என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் முகம். அதைவிட, அவர் குரல். பாபநாசம் சிவன் எழுதிய பாட்டை அந்தக் குரலில் அப்படி உருகிப் பாடுகிற ஒருவன் தப்புச் செய்திருக்க மாட்டான் என்று கொட்டகை தீர்ப்பு எழுதிவிடும். பொய் எங்கிருந்து வந்தது? ஒரு கெட்ட மனத்திலிருந்து. பெரும்பாலும் ஒரு பெண்ணின் மனத்திலிருந்து. தப்பு எப்படித் திருந்தியது? தெய்வத்தால். குணாலனுக்குக் கண் திரும்பக் கிடைத்தபோது யாரும் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்ததாகவே அந்தக் கதைகளுக்கு ஞாபகம் இருக்காது. ராஜா கேட்டார், நம்பினார், தண்டித்தார், பின்னால் அழுதார்.

திரைக்கு வெளியே

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அது வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 8-ஆம் தேதி, சென்னையில் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த சி.என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய பத்திரிகைகளில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையெதையோ எழுதி வந்தவர் அவர். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கோவைப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் முன்பே கவர்னரிடம் மனுக் கொடுத்து, 'சினிமா தூது'வின் லைசென்ஸை ரத்து செய்ய வைத்திருந்தார்கள். சட்டப்படி கொடுத்த மனுதான். ஆனால் கொலை நடந்த பிறகு, பகை இருந்ததற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்க அதுவே வசதியாகப் போயிற்று.

மூவரும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் பெரும்பான்மையாகச் சொல்ல, 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட் அப்பீலும் தள்ளுபடி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி திரும்பி வந்தது. வி.எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. கைதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கும் மேல். இதற்கிடையில் பிராட்வேயில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. சீட்டு வாங்கிப் போனால் அவர் பாடுவதைத் திரையில் கேட்கலாம். ஆள் மட்டும் ஜெயிலில்.

சொந்த மண்ணுக்காரர், ஊர் இளவட்டங்களுக்கெல்லாம் 'பாகவதர் கிராப்' பழக்கிவிட்டவர், கொலைக் கேஸில் உள்ளே போனால் டெல்டா என்ன சொல்லியிருக்கும்? பாதிப்பேர், இவ்வளவு பக்தியாகப் பாடுகிறவரா கொலைக்கு ஆள் வைப்பார் என்றிருப்பார்கள். மீதிப்பேர், நெருப்பில்லாமல் புகையுமா என்றிருப்பார்கள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் பூஜ்யம். ஒரு கட்சி முகத்தைப் பார்த்தது. இன்னொரு கட்சி புகையைப் பார்த்தது. வழக்கில் சாட்சிகள் என்ன சொன்னார்கள், அப்ரூவர் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகள் மூன்று படிகள் தாண்டி லண்டன் போய்த் திரும்பித்தான் உருப்படியாகக் கேட்கப்பட்டன.

விடுதலை பெற்ற பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. 1948-ல் 'ராஜமுக்தி'. பிறகு 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு'. எதுவும் எடுபடவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி இறந்தார். அவர் நடித்த 'சிவகாமி' அவர் போன பிறகுதான் வெளிவந்தது. கலைவாணர் மீண்டு வந்து பல படங்கள் நடித்தாலும் 1957-லேயே போய்விட்டார். குணாலனுக்குக் கண் திரும்பியது போல ஒரு கடைசி ரீல் பாகவதருக்கு அமையவில்லை. கோர்ட் பழியைத் துடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தர அதனால் முடியவில்லை. அதற்குள் பட உலகம் வேறு முகங்களுக்கும் வேறு குரல்களுக்கும் போய்விட்டது.

எரிந்த மதுரை, மறந்த பரல்

பூம்புகார்க் கதை மட்டும் அப்போதே வேறு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நாம் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' நாடகமாக ஊர் ஊராக ஆடி, 1942-ல் ஜூபிடர் பிக்சர்ஸின் 'கண்ணகி'யாகி (பி.யு. சின்னப்பா கோவலன்), 1964-ல் மு. கருணாநிதி வசனத்தில் 'பூம்புகார்' ஆகி, எஸ்.எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியுமாகத் திரும்பத் திரும்ப வந்த கதை அது. 1973-ல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்த பிறகு குத்தாலம் வழியாகப் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் அதைப் பார்க்கப் போயின. கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லும்: கண்ணகி மதுரையை எரித்தாள்.

எரிப்பதற்கு முன்னால் அவள் என்ன செய்தாள்? சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்புக்குள் முத்துப் பரல்; தன்னுடையதில் மாணிக்கப் பரல். பாண்டியனின் சபையில் அவள் தன் கண்ணீரையோ கற்பையோ ஆதாரமாக வைக்கவில்லை. ஒரு தடயத்தை வைத்தாள். கொலைக்களத்துக்கு ஆள் அனுப்பும் முன் அரசன் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் செத்திருக்க மாட்டான். பெரிய சதியெல்லாம் வேண்டாம், அரண்மனையில் ஒருவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி போதும், உயிர் போவதற்கு. மேடையும் திரையும் நெருப்பைப் பெரிதாக்கிப் பரலைச் சின்னதாக்கிவிட்டன. நெருப்புக்குத்தானே கைதட்டல் விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பியம் பொய்யை ஒரு பொற்கொல்லன் வாயில் வைத்தது. மேடையில் ஏற ஏற, அந்த ஒருவன் சொன்ன பொய்யின் கறை அந்தத் தொழில்காரர் எல்லார் மேலும் படிந்தது. பாகவதர் பிறந்ததோ பொற்கொல்லர் குடும்பத்தில். பழி போடும் ஆள் இப்படித்தான் இருப்பான், பழி சுமக்கும் ஆள் இப்படித்தான் இருப்பான் என்று கதை கற்றுக்கொடுத்த அடையாளத்தை, மாயவரத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே பொய்யாக்கியது.

மகாநதி நடுவில்

1994 பொங்கலுக்கு வந்தது சந்தானபாரதி இயக்கிய 'மகாநதி'. தெய்வம் வந்து தீர்த்துவைக்கும் காலத்துக்கும் ஃபைல் வந்து தீர்த்துவைக்கும் காலத்துக்கும் இடையில் நிற்கிற படம். கமல்ஹாசனின் கிருஷ்ணசாமி திருநாகேஸ்வரத்து மனிதர். வயலும் ஆறும் பிள்ளைகளுமாக நிறைவாக இருந்தவர். சிட் ஃபண்ட் வியாபாரத்தில் கூட்டுச் சேர்த்து, ஏமாற்றி, பழியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஊர்ப் பணத்தைத் தின்றவன் என்ற பெயரோடு ஜெயிலுக்குப் போகிறார். உள்ளே இருக்கும் காலத்தில் வெளியே குடும்பம் சிதறுகிறது. மகளை அவர் கண்டுபிடிப்பது கல்கத்தாவின் சோனாகாச்சியில்.

டெல்டாவில் சீட்டுக் கட்டாத வீடு அபூர்வம். பிடித்துக்கட்டுவது, தள்ளி எடுப்பது, சீட்டு நடத்துகிறவர் ஒரு நாள் விடியற்காலையில் ஊரைவிட்டுப் போவது எல்லாம் தெரிந்த சங்கதி. அதனால் கிருஷ்ணசாமி மேல் விழுந்த பழி இங்கே சட்டென்று உறைத்தது. குணாலனுக்கு நேர்ந்தது நமக்கு நேராது. நாம் இளவரசர் இல்லை. கிருஷ்ணசாமிக்கு நேர்ந்தது எதிர்வீட்டுக்கு நேரலாம். தொண்ணூறுகளில் தமிழ்நாடு முழுக்க நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, 1997-ல் முதலீட்டாளர்களைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்ததை நினைத்தால், படம் எந்த நரம்பில் கை வைத்தது என்பது புரியும்.

பொய் இங்கே ஒரு பெண்ணின் மனத்திலிருந்து வரவில்லை. கையெழுத்துப் போட்ட தாளிலிருந்து வந்தது. சிறை இங்கே கம்பிக்குப் பின்னால் பாட்டுப் பாடும் இடமாக இல்லை. நாற்றமும் அடியும் லஞ்சமும் உள்ள இடம். ஆனால் தீர்வு மட்டும் பழைய கணக்குதான். கிருஷ்ணசாமி கடைசியில் கோர்ட்டை நம்பவில்லை. எதிரியைத் தன் கையாலேயே தீர்க்கிறார். மதுரை எரிந்தது போலத்தான் அதுவும்.

இன்று: பொய் தயாராகும் இடம்

2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட வெற்றிமாறனின் 'விசாரணை'யில் அந்த நெருப்பும் இல்லை. கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார், 1983-ல் குண்டூரில் செய்யாத திருட்டுக்காகப் போலீஸ் கஸ்டடியில் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதிலிருந்து எடுத்த படம். பிழைப்புக்காகப் போன தமிழ் இளைஞர்கள் சிலர். ஒரு பெரிய வீட்டில் திருட்டு. கேஸை முடிக்க ஆள் வேண்டும். ஒப்புக்கொள்ளும் வரை அடி. தாங்கள் யார் வீட்டில் என்ன திருடியதாகச் சொல்கிறார்கள் என்பதே அவர்களுக்கு முதலில் விளங்குவதில்லை, பாஷையும் புரியாது.

இங்கே பார்வையாளருக்குக் காட்டப்படுவது நிரபராதியின் முகத்தைவிட, குற்றவாளி தயாராகும் முறை. யார் மேலே போன் போடுகிறார்கள், எந்தத் தேதிக்குள் கேஸ் முடிய வேண்டும், வாக்குமூலத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். திஷ்யரட்சிதை போல ஆசை, கோபம் எதுவும் இந்தப் பொய்க்குத் தேவைப்படவில்லை. அலுவலக வேலை போல நடக்கிறது. யாருக்கும் அந்த இளைஞர்கள் மேல் பகைகூட இல்லை. அதுதான் பயமுறுத்துகிறது.

2021 நவம்பரில் த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' வந்தது, தியேட்டருக்கு வராமல் நேராகச் செல்போனுக்கும் டி.வி.க்கும். 1993-ல் விருத்தாசலம் பக்கம் நடந்த உண்மைச் சம்பவம். நகைத் திருட்டு என்று பிடித்துப்போன பழங்குடித் தொழிலாளியைக் காணோம். தப்பி ஓடிவிட்டான் என்கிறது போலீஸ். அந்த வழக்கை நடத்தியவர், பின்னாளில் ஹைகோர்ட் நீதிபதியான கே. சந்துரு. படத்தில் கர்ப்பிணி மனைவி செங்கேணி சாபம் விடுவதில்லை, ஊரை எரிப்பதில்லை. ஆட்கொணர்வு மனுப் போடுகிறாள். சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறாள். ஸ்டேஷன் சொன்ன கதை குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்கிறது. சிலம்பை உடைத்துப் பரலை எடுத்துக் காட்டும் காட்சியை மூன்று மணி நேரத்துக்கு நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. நெருப்பு வந்து மறைத்திருந்த பரல் திரும்பக் கிடைத்தது இப்படித்தான்.

படம் வந்த வாரம் இதை டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. வீட்டுத் திண்ணையில் ஒருவர், பஸ்ஸில் ஒருவர், டீக்கடையில் இரண்டு பேர் ஒரே போனில். நடுவே அழைப்பு வந்தால் படம் நிற்கும். ரீல் மாற்றும் விளக்கு இப்போது அதுதான். கூட்டமாக அழுகிற வசதி போய்விட்டது. பதிலுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது: புரியாத கோர்ட் காட்சியைப் பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை பார்க்கலாம். குணாலன் கதையில் அப்படித் திரும்பிப் பார்க்க எதுவும் இருந்ததில்லை.

சட்டமும் மாறியது, பாதி

பாகவதரைத் தண்டித்த ஜூரி முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போயிற்று. லண்டனுக்கு அப்பீல் போவது 1949-லேயே நின்றது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் கைது செய்யும் முறையை வரிசையாக எழுதிவைத்தது: கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ தெருக்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்.

அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகப் பிடித்துப்போன தந்தையும் மகனும் கஸ்டடியில் பட்ட அடியில் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட்டின் அறிக்கை சொன்னது. நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். தடயத்தை வைக்கச் சட்டம் இடம் செய்துகொடுத்தாலும், அதை அழியவிடாமல் காக்க ஒரு மனுஷி தேவைப்பட்டாள்.

மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, முதல் தமிழ் நாவல் எழுதுவதற்கு முன்பே, 1862-ல் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து அச்சிட்டார். சட்டம் வக்கீல் பாஷையில் பூட்டிக் கிடந்தால் அப்பாவிதான் மாட்டுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று அந்த வேலையில் ஒரு பங்கைச் சினிமா செய்கிறது. ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று 'ஜெய் பீம்' பார்த்த பிறகு டீக்கடையில் சொல்ல ஆள் இருக்கிறது.

ஆனால் டீக்கடைத் தீர்ப்பு அதே வேகத்தில்தான் வருகிறது. லட்சுமிகாந்தன் பத்திரிகை வாரம் ஒரு முறை அச்சேற வேண்டியிருந்தது. இப்போது பிடிபட்டவன் படம் ஸ்டேஷன் வாசலில் எடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடுகிறது. 'விசாரணை'க்கு அழுதவரே அதை நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறார்; பெயருக்கு முன்னால் 'பிரபல' என்று ஒரு பட்டமும் சேர்ந்துவிடும். முகத்தைப் பார்த்து முடிவு கட்டும் பழைய கொட்டகைப் பழக்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. முன்பு அது நிரபராதிக்குச் சாதகமாக வேலை செய்தது, அவன் கதாநாயகன். இப்போது முகம் கறுத்து, லுங்கி கட்டி, தலை கலைந்து நிற்கிறவனுக்கு எதிராக வேலை செய்கிறது.

பாகவதருக்கு லண்டன் வரை போகப் பணமும் பெயரும் இருந்தன. அப்படியும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம் தெருவில் நாளை ஜீப் ஏறப்போகிறவருக்கு அது இரண்டும் இருக்காது. அவர் யோக்கியரா, அயோக்கியரா என்று தீர்மானிக்க நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கைதுக் குறிப்பில் யார் கையெழுத்துப் போட்டார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்று நாலு பேர் போய்க் கேட்டால் போதும். 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று சொல்லத் தோன்றும் அந்த நேரத்தில்தான் அதைக் கேட்க வேண்டும். பாண்டியன் சபையில் கேட்க ஆள் இல்லாமல் போனது அந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான்.